எதிர்க் கம்பெனியின் கலம்

டைட்டஸ்வில்
ஞாயிறு

அன்பு மகளே,

எங்கள் கம்பெனியில் நாங்கள் கட்டும் விண்கலம் இன்னும் தயாராகவில்லை. விண்வெளிக்கு நீ போட்டிக் கம்பெனியின் ராக்கெட்டில்தான் போகிறாய் என்று அறிவிப்பு வந்ததும், என்னோடு வேலை செய்யும் டுவைட் என்னைச் சீண்டினான்.

"என்ன லொரேன், அம்மா செய்யுற வண்டி வேணாம்னு பொண்ணு எதிரி வண்டில ஏறிட்டாளே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலை மீன் கடையில் என் பழைய தோழி ரோண்டாவைப் பார்த்தேன். அந்தப் போட்டிக் கம்பெனியில், கலம் பூமிக்குத் திரும்பி இறங்கும்போது விரியும் பாராசூட்களை மடிப்பவள். அங்கே வேலைக்குப் போனதிலிருந்து என்னோடு பேசாதவள், வந்து என் கையைப் பிடித்தாள்.

"உன் பொண்ணோட பாராசூட்ட நான்தான்டி மடிச்சேன். ஒவ்வொரு மடிப்பையும் தடவித் தடவிப் பாத்தேன்."

நானும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நீ திரும்பி இறங்கும் நாளில் நான் ரோண்டா வீட்டு டிவி முன்னால் இருப்பேன். பாராசூட்கள் விரியும்வரை அவள் கையை விடமாட்டேன்.

நன்றாகச் சாப்பிடு.

உன் அம்மா