நல்ல தண்ணீர் மட்டும்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறபடி இருக்கிறோம், நீ அங்கே எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதைப் பொய் கலக்காமல் எழுது, பொய் கலக்கிற வேலையை இந்தக் குடும்பத்தில் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். நீ கிளம்புவாய் என்று சொன்னேன், உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று சொன்னேன், நீ விட்டுப்போகும் அந்த இறால் எங்களை ஒரு வழி பண்ணும் என்று சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று உன் சித்தி கேட்கிறாள். அவளுக்கு எதற்கும் சாட்சி வேண்டும்.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், வருகிற இருபதாம் தேதிக்குள் பரிசோதனைக் கூடத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் அப்பா பேசுவாரா, இல்லை கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாரா, உண்மையை மட்டும் சொல்லுங்கள் சித்தப்பா என்று. போனில் சொல்ல முடியாது, இந்த இரண்டு அறை வீட்டில் போனில் இருமினாலும் உன் அப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான் காகிதம். பதில் இதுதான், அப்பா உன்னை வரச் சொல்லிவிட்டார். தன் வாயால் சொன்னார், என் முன்னால் சொன்னார். எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி, எனக்கும் உடம்பு ஓய்ந்துபோய்தான் இருக்கிறது, டெப்போவில் எட்டு மணி நேரம் நின்றபடி பஸ்ஸுக்கு நேரம் குறித்துவிட்டு வந்தால் முழங்கால் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுகிறது. என் விசில் இல்லாவிட்டால் இந்த நகரத்தில் பாதி பஸ் நகராது என்பது உனக்குத் தெரியும்.

வஸ்தாதுவின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். உன் தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று நீ வாங்கிவந்த கடல்பாறைக்குள் ஒளிந்து வந்து, இரண்டு மீன்களையும் அத்தனை நத்தைகளையும் முடித்துக்கட்டிவிட்டுத் தனிக்காட்டு ராஜாவாக உட்கார்ந்ததே, அதுதான். மாண்டிஸ் இறால் என்று நீ சொல்லிக்கொடுத்தாய், கும்பிடுபூச்சி மாதிரிக் கையை மடக்கிக்கொண்டு நிற்கிறது, ஆனால் எனக்கு அவன் வஸ்தாதுதான். பணிவாகக் கும்பிட்டுக்கொண்டே குத்துவிடுகிறவர்களை டெப்போவில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நத்தை போட்டால் டக் டக் என்று இவன் குத்துகிற சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கிறது. அன்றைக்கு ஒரு குத்தில் நத்தை ஓடு எகிறி உன் சித்தியின் தேநீர் தம்ளரில் விழுந்தது. சரி, தம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. சரி, தொட்டிக்குள்ளேயேதான் விழுந்தது, நீ எப்படியும் நான் எழுதுவதைப் பாதியாகக் கழித்துத்தான் படிப்பாய்.

முதல் ஒரு வருடம் உன் சித்திதான் பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தூக்க முடியாமல் போனதால் இரண்டு மாதம் முன்பு நான் பொறுப்பேற்றேன். நீ மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்திலேயே சீட்டும் ஒட்டியிருந்தாய், தண்ணீர் குறைந்தால் கோடு வரை நல்ல தண்ணீர் மட்டும், உப்புத் தண்ணீர் கூடாது என்று. படித்தேன், படிக்காமல் இல்லை. கடலில் பிறந்த ஜீவனுக்கு யாராவது நல்ல தண்ணீர் ஊற்றுவார்களா, கிளம்புகிற அவசரத்தில் பிள்ளை மாற்றி எழுதிவிட்டது என்று நானே மனதுக்குள் திருத்திக்கொண்டு, நீ வாங்கிவைத்த கடலுப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். மூடி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. உப்பு பார்க்கிற டப்பாவின் முள் பச்சைக் கட்டத்தைத் தாண்டிப் போய் நின்றது, டப்பா கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் வஸ்தாது பொந்து வாசலைக் கல்லாலும் சிப்பித் துண்டாலும் அடைத்துக்கொண்டு உள்ளே போனான். போனவன் போனவன்தான்.

ஒரு வாரம் பார்த்தேன். உன் சித்தி, "அது செத்துப் போச்சுங்க, நாத்தம் எடுக்கறதுக்குள்ள கொட்டிட்டு அந்த இடத்துல தையல் மெஷினைப் போடலாம்" என்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன், என்ன தோன்றியதோ, கீழே வைத்துவிட்டு வண்ணமீன் கடைக்காரரிடம் போனேன். அவர், "அண்ணே, அது தோல் உரிக்கறதுக்கு மூடிக்கிட்டிருக்கும், கை வெச்சுடாதீங்க. என்ன தண்ணி ஊத்தறீங்க?" என்றார். நல்லா உப்பாத்தான் என்றேன் பெருமையாக. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆவியாப் போறது தண்ணிதாண்ணே, உப்பு எங்கயும் போகாது. ஊத்த ஊத்த ஏறிக்கிட்டே இருக்கும். இப்ப உப்பு ஏறியிருந்தா உரிக்கறப்பவே முடிஞ்சுடும்" என்றார். எனக்கு அது ஏற்கெனவே தெரியும், அவருக்குத் தெரிகிறதா என்று சோதித்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் ஒரே நினைப்புதான் மகளே. நீ போனதற்கு மிச்சமாக இந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான், அதையும் நானே உப்புப் போட்டுக் கொன்றுவிட்டேன் என்று இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை என் வாயால் கெட்டது போதாதா. நீ அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று என்னிடம் மட்டும் சொன்னதை, எங்கள் வீட்டுப் பிள்ளை கடல் தாண்டிப் போகிறது என்று டெப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். ஜன்னல் கண்ணாடி வெட்ட உன் அப்பா கடைக்குப் போன டிரைவர் அவரிடமே வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, "எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாதா?" என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதினாலு மாதமாக நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் காலை சொம்பில் நல்ல தண்ணீரோடு தொட்டியிடம் போனால், தண்ணீர் கோட்டில் நிற்கிறது. அடுத்த நாளும் கோட்டில். டப்பாவை முக்கிப் பார்த்தால் முள் துளி இறங்கியிருக்கிறது, நாலு நாளில் இன்னும் கொஞ்சம். உன் சித்தியைக் கேட்டேன். "என் தோள் இருக்கிற இருப்புக்கு நான் தண்ணி தூக்கறேனாக்கும், கேக்கறதுக்கு ஒரு அளவு வேணாம்?" என்றாள். அப்புறம்தான் உன் சீட்டைக் கவனித்தேன். நனைந்து மை ஊற ஆரம்பித்திருந்தது, இப்போது அதன்மேல் சரியாக அதே அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு, ஓரம் கையைக் கிழிக்காதபடி தேய்த்து, நாலு மூலையிலும் பசை வைத்து ஒட்டியிருக்கிறது. இந்த வீட்டில் கண்ணாடி வெட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று நீயே எண்ணிக்கொள்.

பத்து நாள் முன்பு முழங்கால் வீங்கி மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ போனதிலிருந்து தொட்டிக்கு முதுகு காட்டியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த மனிதர், கடையிலிருந்து சாப்பிட வந்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு தொட்டியிடம் நிற்கிறார். ஒரு தம்ளர் உப்புத் தண்ணீர் எடுக்கிறார், வாளியில் கொட்டுகிறார், ஒரு தம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றுகிறார், நூல் மாதிரி, சத்தமில்லாமல். நீ பரீட்சை பாஸ் பண்ணியபோது அவரே வெட்டி ஒட்டிய தொட்டி அல்லவா, ஊற்றி முடித்ததும் மூலை இணைப்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினார். நான் விடவில்லை. அண்ணே, வீம்பு போதும் என்று அரை மணி நேரம் பேசினேன், வக்கீல்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டான். அவர் கண் கலங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவளை வரச் சொல்லுடா, நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றார். இதுதான் நீ கேட்டதற்குப் பதில்.

அதற்கு மூன்றாம் நாள் பொந்து வாசலில் வஸ்தாது கிடந்தான். கை கால் மீசை எல்லாம் இருக்கிறது, அசைவில்லை, வெளிறிப்போய்க் கிடந்தான். தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், உன் சித்தியே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள். அப்புறம் அதைக் கரண்டியால் எடுத்தால் காற்று மாதிரி இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓடு. அதற்குப் பிறகும் ஆறு நாள் உள்ளேயே கிடந்துவிட்டு, நேற்றுக் காலை கல்லைத் தள்ளிக்கொண்டு இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் சுழல வெளியே வந்தான். முன்னைவிடப் பெரியவனாக, பச்சையும் சிவப்புமாக, துணிக்கடைப் பொம்மை தோற்றது. உரித்த ஓட்டைத் தட்டில் வைத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம், தையல் மெஷின் பேச்சை உன் சித்தி எடுக்கவில்லை. அப்பாவின் நாற்காலியும் திரும்பியிருக்கிறது. முழுதாக இல்லை, பக்கவாட்டில்.

மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, நான்தான் சரி செய்தேன், அதனால் இன்னும் ஒழுகுகிறது. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. வேலை இடத்தில் யாருக்காகவும் நேரம் கடந்து நிற்காதே, நின்றவன் சொல்கிறேன், கடைசியில் முழங்கால்தான் மிச்சம். நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, பிடித்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், சித்தியும் அதையே சொல்கிறாள். இருபதாம் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
தண்ணீர் விஷயத்தில் மட்டும் தோற்ற
உன் சித்தப்பா

பின்குறிப்பு: உறையில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்து எழுதுகிறேன். ஒட்ட மனம் வரவில்லை. நீ எப்போதும் நான் சொல்வதைப் பாதியாகக் கழிப்பாய், இந்த ஒன்றைக் கழிக்காமல் நம்பி அங்கே வேலையை விட்டுவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. கண்ணாடித் துண்டு நிஜம், தம்ளர் நிஜம், கட்டைவிரலால் தடவியது நிஜம், நாற்காலி நிஜம். நான் அரை மணி நேரம் பேசவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், கண்ணெல்லாம் கலங்கவில்லை. சீட்டைக் காட்டி, "அவ இவ்வளவு தெளிவா எழுதி வெச்சிருக்கா, படிக்கத் தெரியாதாடா உனக்கு?" என்றார். பதினாலு மாதத்தில் அவர் வாயில் உன்னைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது. அவ்வளவுதான் சொன்னார் மகளே, உன்னை வரச் சொன்னதாக எழுதியது நான்தான்.