ரெண்டு விரல் ஓட்டை

மார்ச் 3, ஞாயிறு

நான் ஏன்டா வாயை மூடணும், யோகேந்திரா? எரிச்சலாம், எனக்கு! எழுபத்திரண்டு வயதில் ஒரு சிட்டுக்குருவியைப் பார்த்து எரிய நான் என்ன பூனையா? பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். மிச்சத்தை இந்தக் கொப்பியில்தான் திட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரன், நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். போன வாரம் மாத்தளைத் தேருக்குப் போய் ஆளுக்கொரு மண்முட்டி வாங்கினோம். வயிற்றில் ரெண்டு விரல் போகிற ஓட்டை, வாயை மூட ஒரு சிரட்டை, கூரை ஓரத்தில் கம்பி. குருவி கூடு வைத்தால் வீடு விளங்கும் என்று இங்கே எல்லோரும் கட்டுவதுதான். நான் மிச்சம் கிடந்த நீலப் பெயிண்டையும் பூசினேன். அழகாக இருக்கட்டுமே என்று.

குருவி அவன் முட்டிக்குப் போய்விட்டது.

மார்ச் 6

காலையில் பெரிய சண்டை. இன்னொரு ஆண்குருவி வந்து அவன் முட்டி வாசலில் உட்கார்ந்தது. உள்ளே இருந்தவன் பாய்ந்து அதன் தலை மயிரைக் கவ்வினான். இரண்டும் உருண்டு சாக்கடைக் கானுக்குள் விழுந்து, தண்ணீருக்குள்ளேயும் விடவில்லை. தோற்றவன் என் முட்டிக்கு வந்தான். எட்டிப் பார்த்தான். போய்விட்டான்.

யோகேந்திரன் பெண்சாதி ரஜனிக்கு வாய் சும்மா இருக்குமா? “அண்ணே, தோத்துப் போனவனுக்கே ஒங்க வீடு பிடிக்கல!”

“ஒன்னோட ஒருத்தன் முப்பத்தஞ்சு வருசமா குடும்பம் நடத்துறானே தங்கச்சி, அந்தத் தைரியத்துல அங்க வந்திருக்கும்.”

சிரிக்கவில்லை. கழுவிய தண்ணீரை என் பக்கமாக ஊற்றினாள்.

மார்ச் 13

அவர்கள் மருமகள் கிருஷாந்தினி ஸ்டூலில் ஏறி, போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மூணு முட்டை, பெரிய மாமா!” கல்யாணம் முடிந்து எட்டு வருஷம், பிள்ளை இல்லை. குருவி வந்தால் பிள்ளையும் வரும் என்று ரஜனி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இந்தப் பிள்ளை பல் தெரியச் சிரித்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதைப் பார்த்தாவது எனக்கு மனசு இளகியதா? இல்லை. யோகேந்திரன் கேட்டில் நின்று, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம், “எங்க வீட்டுலதான், எங்க வீட்டுலதான்” என்றான். என் நீல முட்டியைக் காட்டி, “அது கண்ணூறுக்குக் கட்டுனது” என்றானே, அதுதான் பொறுக்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நாவுலையில் கல்யாணம். அந்த வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள். இரும்பு அறுக்கிற ஹெக்சோ பிளேடை எடுத்தேன்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவன் முட்டியின் ஓட்டை பெரிதானால் குருவிக்குப் பயம் வரும், பக்கத்தில் நல்ல சின்ன ஓட்டை இருக்கிறது, இங்கே வந்துவிடும். யோகேந்திரன் முகத்தைப் பார்த்து ஒரு வாரம் சிரிக்கலாம். அவ்வளவுதான் கணக்கு. ரெண்டு விரலை நாலு விரலாக்கினேன். பெண்குருவி கம்பியில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது.

மார்ச் 18

வரவில்லை. அந்த ஓட்டையிலேயே போய் வருகிறது. முட்டையை எப்படித் தூக்கிக்கொண்டு வரும்? கிழட்டு மாடு, அது தோணவில்லையே உனக்கு?

மார்ச் 19

மைனா. இரண்டு.

ரெண்டு விரல் ஓட்டையில் அதன் தலைகூட நுழையாது. இப்போது சாவகாசமாக உள்ளே போனது. ஆண்குருவி அதன் வாலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. ஒரு கொத்து, குருவி கீழே விழுந்து சிறகை இழுத்துக்கொண்டு ஓடியது. பிறகு முட்டை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சிமெந்தில் சட் சட்டென்று. செருப்பைக் கழற்றி எறிந்தேன். மைனா ஒன்று பறந்து வந்து என் நீல முட்டிமேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

கிருஷாந்தினி ஈரக் கையோடு ஓடி வந்தாள். குனிந்து முட்டை ஓடுகளைப் பொறுக்கினாள்.

மார்ச் 20

சுவர் வழியாகக் கேட்டது, ரஜனி மருமகளை:

“ஒரு குருவிகூட இந்த வீட்டுல தங்கலயே! எல்லாம் ஒன் ராசி. நீ தெனம் தெனம் போய் எட்டிப் பார்த்தீல்ல, அதான்!”

கிருஷாந்தினியின் புருஷன் ஜெயக்காந்தன் வாயைத் திறக்கவில்லை. யோகேந்திரனும் இல்லை. இந்தப் பக்கம் நான், கையில் ஒரு கோப்பை பிளேன்டி, ஆறிப்போய். சொல்லேன்டா! ஊர் முழுக்கப் பகிடி பண்ணுகிற வாய்தானே? “நான்தான் வெட்டுனேன்” — ரெண்டே வார்த்தை. யோகேந்திரன் காலம் பூராவும் குத்திக் காட்டுவானே என்று நினைத்தேன். அதுக்குப் போய் பயந்தேன், அதுக்குப் போய்.

மார்ச் 21

சொல்லவில்லை.

மார்ச் 23

ரஜனி அந்தப் பிள்ளை ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமல் கானில் கொட்டினாள். மைனா உள்ளே புல் கொண்டுபோகிறது. நான் சொல்லவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

காலையில் கிருஷாந்தினி கலேவெலவுக்கு, தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். பெரிய பை. ஒருத்தரும் கூட வரவில்லை. பின்னாலேயே போய் பஸ் ஹோல்ட்டில் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

“அம்மாடி, அது ஒன் ராசி இல்ல. ஓட்டைய நான்தான் பிளேடு போட்டு—”

“தெரியும், பெரிய மாமா.”

“என்னது?”

“கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தப்ப முட்டிக்கு நேர் கீழ செவப்புத் தூள் கெடந்துச்சு. முத்தம் கூட்டுறது நான்தானே.”

“தெரிஞ்சும் ஏம்மா பேசாம இருந்த?”

“நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன்.” பையைத் தோளில் மாட்டினாள். “மாமிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல... மொதல்ல ஒன்கிட்ட சொல்லிட்டு...”

“என்கிட்ட எதுக்கு?”

என் வாயில் வந்தது இதுதான்: “அதுக்கில்லம்மா, அந்த மைனா இருக்கே, அது லேசுப்பட்டதில்ல, அது என்னா பண்ணுச்சுன்னா—”

அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. என்னோடு நிற்காமல் அடுத்த ஹோல்ட் வரைக்கும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே போனாள்.