மாடியில் விட்டுவைத்த கம்பிகள்

என் ஆசை மாமா,

தாலி கட்டிய பிறகும் உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் வேறு வார்த்தை வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது. மாடிப்படி ஏறி இறங்கியே முழங்கால் விட்டுப்போச்சு.

நம்ம செல்வி தலைப்பிரசவத்துக்குச் சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிறாள். கடலூர் வெயில்தான் உங்களுக்குத் தெரியுமே. பகலெல்லாம் மொட்டை மாடித் தளம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூடு முழுக்க அறைக்குள் இறங்குகிறது. ஃபேன் போட்டால் அனல்தான் சுற்றுகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வெறுந்தரையில் புரளுவதைப் பார்க்க முடியவில்லை. பச்சைப் பிள்ளையை இதில் எப்படிப் போடுவது?

அதனால் மாடிக்குக் கூலிங் டைல்ஸ் ஒட்டச் சொல்லிவிட்டேன். நம்ம வீட்டைக் கட்டின அந்தோணி மேஸ்திரிதான் வந்தார். ஒரே நாளில் ஒட்டிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். "அவசரப்படாதீங்க அண்ணி. கொதிக்கிற தளத்துல கலவைய போட்டா தண்ணிய உறிஞ்சிக்கும், டைல்ஸ் பிடிக்காது. மொதல்ல தளம் ரெடியாவணும்" என்றார். பாசியைச் சுரண்டி, விரிசல்களை வெட்டி அடைத்து, தண்ணீர் ஊற்றித் தணித்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் கை வைக்கிறார். சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விட வேண்டுமாம், சூட்டில் தளம் விரியுமாம்.

எல்லாம் சரி. கடைசியில் அந்தக் கம்பிகளிடம் வந்து நின்றார்.

மேல்வீடு கட்ட நீங்கள் தூண்களில் விட்டுவைத்த கம்பிகள். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அங்கே போய்த்தானே நிற்பீர்கள்? "செல்விக்கு மேல ஒரு வீடுடி" என்பீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக் கேட்டதும் அதைத்தான். கட்டுறேன் என்று தலையாட்டினேன்.

"துரு உள்ள இறங்கி தூண பிளக்குது அண்ணி. இத வெச்சிக்கிட்டு டைல்ஸ் போட்டா மழைக்கு அது வழியா ஒழுகும். அறுத்துரலாமா?" என்றார் மேஸ்திரி. எனக்கு வந்த கோபம்! "அவுரு இருந்தா இப்படிக் கேப்பீங்களா?" என்று கத்திவிட்டேன். பாவம் அந்த மனுஷன், கீழே இறங்கிப் போய்விட்டார்.

சத்தம் கேட்டு செல்வி மூச்சு வாங்க ஏறி வந்தாள். "எனக்கு மேல வீடு வேணாம்மா. கீழ கொஞ்சம் தூங்க முடிஞ்சா போதும். அப்பா இருந்தா இந்நேரம் அவுரே அறுத்திருப்பாரு" என்றாள். அறுத்திருப்பீர்களா மாமா? உங்களிடம் கேட்கவும் வழியில்லையே.

மறுநாள் மேஸ்திரியை நானே கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன், அறுத்தாச்சு. பக்கத்திலேயே நின்றேன். மெஷின் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, கலவை வைத்து முனைகளை மூடிவிட்டார். நாளை டைல்ஸ் ஒட்ட ஆரம்பிக்கிறார்.

மேல்வீடு கட்டுறேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். என்னால் முடியாது மாமா. அதுக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன், இதைக் கட்டாயம் செய்வேன். உங்கள் பேரப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நீங்கள் கட்டின வீட்டில்தான் தூங்கும். வேர்க்காமல் தூங்கும்.

உங்கள் அத்தை மகள், உங்கள் பொண்டாட்டி,
கலா