அறுவைக்கு முன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியவை

அனுப்புநர்
கா. லோகப்பிரியா,
த/பெ. காளிச்சாமி,
பத்தாம் வகுப்பு மாணவி,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: என் தந்தையின் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில் உள்ள அபாயங்களை அவருக்கு முன்கூட்டியே விளக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை லேத் பட்டறை நடத்துகிறார். இடுப்பு வலி வலது கால்வரை இறங்குகிறது. சிறிது நேரத்துக்கு மேல் உட்கார முடியாததால் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதாகக் கூறி, தங்கள் மருத்துவமனையில் வரும் வியாழக்கிழமை அறுவைக்கு நாள் குறித்துள்ளார்கள்.

2. நாள் குறித்த அன்று மருத்துவர், "ஏதாவது கேக்கணுமா?" என்றார். அப்பா எழுந்து நின்று, "நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க" என்றார். டாக்டரிடம் கேள்வி கேட்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் புகார்.

3. பிறகு சத்தியமங்கலம் அருகே எங்கள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டோம். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன் வைக்கப்பட்டன. வெள்ளை வந்தால் அறுவை செய்யலாம்; ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்ததில் வெள்ளையே வந்தது. "சாமியே உத்தரவு குடுத்துப்போட்டுது, இனி டாக்டரை நோண்டி நோண்டிக் கேக்கோணுமா?" என்று அம்மா என்னை அடக்கிவிட்டார். எனக்கும் பூவில் நம்பிக்கை உண்டு. ஆனால் செய்யலாமா என்றுதான் கேட்டோம். செய்தால் என்ன ஆகலாம் என்பதைப் பூவிடம் கேட்க முடியாது.

4. எதிர்வீட்டுச் செங்கோடன் மாமா வேறோர் ஊரில் இதே அறுவை செய்துகொண்டவர். "வலி போயிருச்சு அம்மணி, கூடவே செருப்பும் போயிருது" என்று சிரிப்பார். ஒரு பாதம் மரத்துவிட்டது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துபோய், திரும்பிப் பார்த்துத் தேடுவார்.

5. நூலகத்தில் படித்தேன். அறுவையால் பலர் நலமடைகிறார்கள். சிலருக்கு வலி தீர்வதில்லை. கிருமி தொற்றலாம், நரம்பு பழுதாகலாம். பலருக்கு மருந்தாலும் பயிற்சியாலும் சில மாதங்களில் வலி குறைந்துவிடுகிறது. சிறுநீர் கழிக்க முடியாமற்போனாலோ கால் பலமிழந்தாலோ தாமதிக்கக் கூடாதாம். அப்பா இதில் எந்த வகை என்று புத்தகம் சொல்லவில்லை. அது தங்கள் மருத்துவருக்குத்தான் தெரியும்.

6. ஆகவே வியாழனுக்கு முன் அப்பாவை அழைத்து, காத்திருக்கலாமா, செய்தால் எது நேரலாம் என்பதைத் தமிழில் நிதானமாகச் சொல்ல ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவராக எதுவும் கேட்கமாட்டார், கூச்சப்படுவார். அவர் எழுந்து நின்றால், தயவுசெய்து சொல்லி முடிக்கும்வரை நிறுத்த வேண்டாம். எல்லாம் கேட்ட பிறகும் அவர் "சரிங்க" என்றால், வியாழனன்று நானே கையைப் பிடித்து அழைத்து வருவேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கா. லோகப்பிரியா

இடம்: கணபதி
நாள்: 19.8.1996