அடுத்த மாதக் கணக்கு

இறைவன் துணை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. போனில் பேசினால் பட்டறைச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டும், கத்தினால் உன் அத்தான் காதில் விழும். அதனால் கடிதம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். மழைக் காலத்தில் அவரைக் கட்டிலோடு போட்ட காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. இப்போது ஆள் கையில் பிடிபடாமல் ஓடுகிறார்.

காரணம், ஆர்டர் கொட்டுகிறது. நம் பட்டறை ஸ்பிரிங் போகும் வழி உனக்குத் தெரியாததில்லை. நாம் பம்பு அம்மாவுக்குக் கொடுக்கிறோம். அவர் அதைச் சோப்புப் பம்புக்குள் வைத்துப் பாட்டில்காரருக்கு அனுப்புகிறார். அவர் பாட்டிலில் சோப்பு நிரப்பிப் பம்பைத் திருகி உங்கள் கம்பெனிக்கு ஏற்றுகிறார். உங்கள் கம்பெனி கடைகளுக்கு. இவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு வேளையில் காதில் விழும் பட்டப்பெயர்கள்தான். அந்தப் பம்பு அம்மா இப்போது கேட்பது முன்பு கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நம் வீட்டில் ஒரு சோப்புப் பாட்டில் எத்தனை நாள் வரும் என்று எனக்கு மனப்பாடம். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிர்வீட்டுக்காரியைக் கேட்டேன், மாடிவீட்டு டீச்சரைக் கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, "ஏங்க்கா, எங்களுக்கு இருக்கறதே ரெண்டு கைதானே?" என்றாள். அப்படியானால் உலகத்தில் யார்தான் இவ்வளவு கழுவுகிறார்கள்? இன்று காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடினால் சுருள் சுருளாக ஸ்பிரிங்தான் வருகிறது. இறைவன் மன்னிக்கட்டும்.

உன் அத்தான் இரண்டாவது இயந்திரம் போடப் போகிறார். இருக்கிற வீட்டை ஈடு வைத்துத்தான். இயந்திரத்துக்கு இடம் வேண்டுமே, பட்டறைக்கும் உன் அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்க வேண்டும் என்கிறார். கொத்தனார் வந்து சுவரில் சிவப்புச் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போனார். அகலக்கால் வைக்காதீர்கள் என்றேன். "கதவத் தட்டற லச்சுமிய, நாளைக்கு வாம்மான்னு அனுப்பச் சொல்றியா?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

உன்னிடம் கேட்கலாமே என்றதற்கும் கோபம். "அவன் சம்பளம் வாங்கற எடம் அது. உள்ள நடக்கறத நம்மகிட்ட சொன்னான்னு அவன் தலைல விழணுமா?" என்றார். அதுவும் நியாயம்தான். அதனால் கம்பெனி ரகசியம் எதுவும் எனக்கு வேண்டாம். அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதானே உன் வேலை? கடையில் சனங்கள் உண்மையிலேயே கூடுதலாக வாங்குகிறார்களா என்று மட்டும், சொல்லலாம் என்றால், சொல்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாய். உன் போர்வையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


இறைவன் துணை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டே எழுதியிருக்கிறாய். உனக்கு ஒரு பொல்லாப்பும் வராது என்று அறிந்த பிறகுதான் இரண்டாம் வரியைப் படித்தேன். கடையில் விற்பனை போன வருடம்போலத்தான், ஒரு நூல் கூடியிருக்கலாம் என்கிறாய். அப்படியானால் நம் ஸ்பிரிங் எங்கேதான் போகிறது?

மனசு கேட்கவில்லை. சரக்கு வண்டியில் நானும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். "ஸ்பிரிங் எங்க போவும்? பம்புக்குள்ள போவும். அதப் பாக்க ஒரு ஆளா?" என்று வழி நெடுக உன் அத்தான் அலுத்துக்கொண்டார்.

பம்பு அம்மாவை என்னைப்போல ஒடிசலான ஆள் என்று நினைத்திருந்தேன். ஆள் மட்டுமல்ல, குரலும் இரண்டு பேருக்குப் போதும். நீள மேசைகள், பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பம்பு கோக்கிறார்கள். நடக்க வழியில்லை, எங்கே பார்த்தாலும் மூட்டை. "ஒக்காருங்கம்மா. நாற்காலி பூரா சாமான் ஏறிக்கிச்சு, மூட்டைதான் இப்ப சோபா" என்றார். உட்காரும்போது மூட்டையின் வாயைப் பார்த்தேன். தம்பி, அது நான் போட்ட முடிச்சு. நம் வீட்டு மூட்டைகளுக்கெல்லாம் நான்தானே வாய் கட்டுகிறேன், இடப்பக்கமாக இரட்டைச் சுற்று. பக்கத்து மூட்டையைப் பார்த்தேன், அதற்குப் பக்கத்து மூட்டையைப் பார்த்தேன், மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எல்லாம் என் முடிச்சு. ஒன்றுகூட அவிழவில்லை.

இதையெல்லாம் எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "ஒங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தப்ப, நான் கேட்டதுல பாதிதானே குடுத்தாரு?"

உன் அத்தானுக்குச் சுருக்கென்றது. எல்லாருக்கும் நியாயமாகப் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தேனே என்றார்.

"நியாயந்தான், யாரு இல்லன்னா? அதான் அடுத்த தடவ ரெட்டிப்பாக் கேட்டேன். பாதி வந்தாலும் முழுசாயிரும்ல?"

"நான்தான் ராப்பகலா ஓட்டி ரெட்டிப்பையும் குடுத்துட்டேனே!"

"குடுத்துட்டீங்க, என்ன பண்ண? வேணாம்னு சொன்னா, நாளைக்கு நெசமாவே வேணுங்கறப்ப என் மூஞ்சியப் பாப்பீங்களா?"

மேசையிலிருந்த பெண்கள் கை ஓடாமல் சிரித்தார்கள். உன் அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டில்காரர் எவ்வளவு கேட்கிறார் என்றேன். அவரும் ரெட்டிப்பாம், அது எதற்கு என்று கேட்டேன். பம்பு அம்மா அந்த நிமிடமே அவருக்குப் போன் போட்டு, எங்கள் எதிரிலேயே அதட்டினார். அவர் சொன்ன பதில் உனக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் எழுதுகிறேன். ஸ்பிரிங் இல்லாமல் பம்பு நின்றது, பம்பு இல்லாமல் பாட்டில் நின்றது. உங்கள் கம்பெனிக்கு அரை லாரிதான் போனது. உடனே உங்கள் பிரிவிலிருந்து அடுத்த மாதத்துக்கு ரெட்டிப்பு ஆர்டர். அவர் அதற்கு மேல் கைக்காவலாகக் கொஞ்சம். பம்பு அம்மா அதற்கும் மேல் கொஞ்சம்.

ஆக, யாரும் கூடுதலாகக் கை கழுவவில்லை. உன் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது, மூன்று கம்பெனிக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. அவ்வளவுதான் விஷயம்! யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. ஆளாளுக்கு ஒரு பயம், பயத்துக்கு ஒரு கைப்பிடி கூடுதல். அதுதான் மூட்டை மூட்டையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வியப்புத் தாங்கவில்லை.

உன் அத்தானுக்கோ திகில். "அவங்க கேக்கறத நான் குடுக்கலன்னா வேற பட்டறைக்குப் போயிருவாங்க. ஆர்டர் ஆர்டர்தான்" என்கிறார். வருகிற வாரம் கொத்தனார் வருகிறார், வீட்டுப் பத்திரம் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. உன்னால் ஆவது ஒன்று உண்டு. கடையில் விற்கிற உண்மையான அளவை மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில், அதிகாரி சம்மதத்தோடு, உங்கள் கம்பெனியே சொல்லுமா? கேட்டுப் பார். அதற்குள் இங்கே மூவரையும் ஒரு இடத்தில் உட்கார வைக்க முடியுமா என்று நான் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்திலும் அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

உன் அக்கா


இறைவன் துணை

அன்புள்ள தம்பிக்கு,

சுவர் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் உன் அறையில்தான் நடந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டோம், ஆட்கள் உட்காரச் சும்மா கிடக்கும் இடம் வீட்டில் அது ஒன்றுதானே. பம்பு அம்மா உன் கட்டிலில், பாட்டில்காரர் உன் படிப்பு நாற்காலியில். உன் அத்தான் அந்தச் சிவப்புக் கோட்டில் சாய்ந்து நின்றார், சட்டை முதுகெல்லாம் சிவப்பு. உங்கள் கம்பெனியின் விற்பனைக் கணக்குத் தாள் வந்திருந்தது, கூடவே போனில் உன் அதிகாரி. இனிமேல் கூட்டிக் கேட்க மாட்டோம், கடையில் விற்றதை வாராவாரம் மூவருக்கும் சொல்கிறோம், நீங்களும் கையிருப்பைச் சொல்லுங்கள் என்றார். பெண் அதிகாரி என்று நீ எழுதவே இல்லையே. நல்ல நிதானமான பேச்சு.

சொல்லுங்கள் என்றதும் மூவர் வாயும் ஒட்டிக்கொண்டது. பாட்டில்காரர் மெலிந்த உயரமான மனிதர், சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டே பேசுகிறார். "கையிருப்பு நெறைய இருக்குன்னு சொன்னா கம்பெனில வெலயக் குறைப்பாங்க, இல்லன்னு சொன்னா நீங்க ஏத்துவீங்க. நான் ஏன் வாயத் தொறக்கணும்?" என்றார். உன் அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் இருந்தது எனக்குத் தெரியும். இந்த ஆர்டரெல்லாம் வெறும் காற்று என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டால், நாளைக்குப் பட்டறைக்கு என்ன வேலை?

தண்ணீர் கொண்டுபோன நான் வாசலிலேயே நின்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கடைசியில் பம்பு அம்மாதான் கட்டில் கிறீச்சிட எழுந்தார். "என் வீட்ல மாடிப்படி ஏற வழியில்ல, தாண்டித்தான் போறேன். போதுமா? இந்த அம்மாவே பாத்துட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. எவனாச்சும் இத வச்சு வெலயில கை வச்சா, அவன் வீட்ல வந்து ஒரு மாசம் ஒக்காந்து சாப்பிடுவேன்" என்றார். பாட்டில்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நஷ்டத்தை மனசில் போட்டுப் பார்த்திருப்பார் போல, பையிலிருந்து கையிருப்பு எழுதிய சீட்டை எடுத்துவிட்டார்.

அப்புறம் உன் அத்தானும் பேசினார். "நாலு மாசத்துக்கு எனக்கு வேல கம்மி. மூட்டையெல்லாம் தீரட்டும். அதுக்கப்பறம் வேற எவன்கிட்டயும் போவாதீங்க, அது போதும்" என்றார். போக மாட்டோம் என்று இருவரும் கையடித்துக் கொடுத்தார்கள். இனி யாருக்காவது காய்ச்சலோ கரண்ட் கோளாறோ வந்தால் அன்றைக்கே மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் பேச்சு. பத்திரம் பெட்டிக்குள் போய்விட்டது.

இப்போது இயந்திரம் பாதி நாள்தான் ஓடுகிறது. உன் அத்தான் செய்வதறியாமல் வீட்டுத் தாழ்ப்பாளுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறார். முகத்தில் கொஞ்சம் வாட்டம்தான். ஆனால் நன்றாகத் தூங்குகிறார். நேற்று மூட்டை கட்டும்போது, "முடிச்சு லேசாப் போடு, அவங்க ஒடனே பிரிக்கட்டும்" என்றார்.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். பொட்டலம் மடித்த தாளைப் படித்தே எழுத்துக் கூட்டியவள் நான், பெரிய வார்த்தை எனக்கு வராது. ஊரார் மூட்டையை எண்ணிவிட்டு வந்து அன்றைக்கு அடுப்படியில் நின்றபோது என் கையைப் பார்த்தேன். உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழுந்தது. நீ போன நாளாக அப்படித்தான். அடுத்த மாதம் என்று நீ எழுதுகிறாய், சொல்லாமல் வந்து நின்றால் என்று நான் ஒரு பிடி போடுகிறேன். மறுநாள் அது எனக்குப் பழைய சோறு. உன் அத்தானுக்குத் தெரியும், கேட்டதில்லை.

சுவர்க் கோட்டை அழிக்கப் போனேன். அவர், "இருக்கட்டும், அவன் வந்து பாத்துச் சிரிக்கட்டும்" என்றார்.

உனக்கும் அங்கே லீவு, வேலை, சொல்ல முடியாத ஆயிரம் கஷ்டம் இருக்கும். வர முடியாது என்றால் முடியாது என்றே எழுது. அக்கா ஒன்றும் நினைக்க மாட்டேன். எனக்காகக் கூட்டி எழுதாதே. வருவதானால் தேதியை எழுது, எத்தனை தள்ளியிருந்தாலும் சரி. அதுவரை அளவாக உலை வைக்கிறேன். அன்றைக்கு மட்டும், கணக்குப் பார்க்காமல் வைக்கிறேன்.

இறைவன் உன் கூடவே நடக்கட்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அக்கா