நான் படித்த முடிவு

அக்கா,

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நம்பி மலையடிவாரத்தில் டூரிங் டாக்கீஸ் போட்டிருக்கிறார்கள். மாலைக் காட்சி பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். புடவையில் இன்னும் ஈர மணலும் பீடிப் புகையும் மணக்கின்றன. நாம் படித்த தொடர்கதையைப் படமாக எடுத்துவிட்டார்கள்! அந்தக் கதையை பைண்டு செய்து இன்றும் வீடுவீடாகக் கைமாற்றுகிறார்கள். முடிவு தெரிந்தும் படிக்கிறார்கள், தெரிந்தும் அழுகிறார்கள்.

உங்களுக்குத் தெலுங்குதான் படிக்க வரும். வாராவாரம் ரயிலில் பத்திரிகை வந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து நான் ஓடிவந்து படித்துக் காட்டுவேன். உட்காரக்கூட விடமாட்டீர்கள். "இன்னாம்மே, அந்தப் பையன் திரும்பி வந்துட்டானா?" என்பீர்கள். நீங்கள் 'பாவா' என்று கூப்பிடும் உங்கள் கணவர் பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போய், கடிதமே நின்றுபோயிருந்த காலம். கதையில் அவன் வந்தால் பாவாவும் வருவார் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். எனக்குத் தெரியாதா?

கடைசி அத்தியாயம் வந்தபோது காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தீர்கள். வழியிலேயே புரட்டிப் பார்த்துவிட்டேன். அவன் வரவேயில்லை; அவனுடைய காதலி காத்திருந்தே செத்துப்போகிறாள். அந்த எழுத்தாளர் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ! பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு என் இஷ்டத்துக்குப் படித்தேன். அவன் வந்தான், அவளைப் பார்த்தான், மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று.

"பக்கமே திருப்பாம படிச்சிகினு கீறியே," என்றீர்கள். அவசரமாக ஒரு பக்கத்தைத் திருப்பினேன். என் கையைப் பிடித்து, "பரவால்லம்மே. நல்லாத்தான் கீது. இன்னும் கொஞ்சம் படி," என்றீர்கள். அந்த வாரமே கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று பார்த்தால், படத்தில் அப்படியே நான் படித்த முடிவு! அவன் வருகிறான், மாலை மாற்றுகிறார்கள். கொட்டகையே கை தட்டியது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வெளியே போனார். பாவாதான்.

அவர் யுத்தம் முடிந்து வந்தார், அக்கா. காலை நொண்டிக்கொண்டு, ஆனால் உயிரோடு வந்தார். வீட்டு வாசலில் பையை இறக்கியவரிடம் நான்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்தக் காதல் கதை கையில் கிடைத்தாலும் விடுவதில்லை. எப்படி முடிந்திருந்தாலும் சரி, மூடி வைக்கும் முன் உங்களுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டு ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: "அவரு வந்துட்டாருக்கா."