பிறையும் ஓர் எண்ணும்

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் புளி வாசனை போகவில்லை. காலையில் வைப்பின் தீவிலிருந்து ஒரு பெண் படகேறி வந்திருந்தாள். பழைய படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு வெண்கல உருளி கொண்டு வந்தாள். "வீடு இடிச்சுக் கட்டறோம் சேச்சி. வைக்க எடமில்ல" என்றாள். அடியில் கரி தடித்துப் போயிருந்தது. அவள் போன பிறகு கடை வாசலில் உட்கார்ந்து புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். கரி விலக விலக, விளிம்புக்குக் கீழே ஒரு பிறை தெரிந்தது. அதன் பக்கத்தில் ஓர் எண்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். "இங்க வாடி, பிறை வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. நீ போய் ஒரு மழைக்காலம் வந்து ஓய்ந்துவிட்டது.

நீ இருந்திருந்தால் இந்த மடலையும் என்னைத்தான் படிக்கச் சொல்லியிருப்பாய். பிறந்ததிலிருந்து மட்டாஞ்சேரியில் தமிழ் பேசி வளர்ந்தவள், தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் கண்ணாடியைத் தேடுவாய். "நீயே வாசி கோமு. மலையாளம்னா எனக்கு ஓடும், இது நடக்கத்தான் செய்யும்" என்பாய். மெதுவாகவே நட. எனக்கும் இப்போதெல்லாம் வேகம் இல்லை.

நாம் கடை வைத்தபோது எனக்கு இந்தத் தொழிலில் ஒன்றுமே தெரியாது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, அவர் போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நீ கப்பல் சரக்கு ஆபீஸில் வேலையை விட்டுவிட்டு வந்து, "ரெண்டு பேரும் சும்மாதானே இருக்கோம், பழைய சாமான் விப்போம்" என்றாய். கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானித்தபோதும் நீ இதே குரலில்தான் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தோன்றியது.

வருகிறவர்களிடம் பேசுவது என் வேலையாக அமைந்தது. நீ பொருட்களின் அடிப்பக்கத்தை எடுத்துக்கொண்டாய். எது வந்தாலும் முதலில் கவிழ்ப்பாய். பீங்கான் தட்டின் அடியில் நங்கூரம், பூட்டின் காதோரம் இரண்டு எழுத்து, குத்துவிளக்கின் பாதத்துக்குள் ஒரு மீன். செய்தவன் யார், எந்த ஊர், எதற்காக இந்த அடையாளம் என்று நாள் முழுக்கத் தேடுவாய். என் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது சாயா குடித்துக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே தூக்கிக் கவிழ்த்துப் பார்த்து, மிச்சச் சாயாவை அவள் புது மேசை விரிப்பில் கொட்டினாய். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்போது வருகிறவர்கள் முத்திரையைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். அது ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறது. போன வாரம் நம் பக்கத்துத் தெருவில் வார்த்த புது விளக்கைப் போர்த்துகல் என்று சொன்னது. நான் திருத்தவில்லை, திருத்தாததற்கு அலுப்பைத் தவிர வேறு காரணம் இல்லை. நீ இருந்தால் சண்டைக்கே போயிருப்பாய்.

முதல் பிறை எப்போது வந்தது என்று ஞாபகம் இல்லை. ஓர் உருளி என்பது மட்டும் தெரியும். பிறகு ஒரு பெரிய மூடி. பிறகு நீளக் காம்புள்ள கரண்டி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் அதே பிறை, பக்கத்தில் ஓர் எண். வேறு எந்தக் கடைக்காரருக்கும் அது யாருடைய முத்திரை என்று சொல்லத் தெரியவில்லை. நீ அவனுக்குப் 'பிறைக்காரன்' என்று பெயர் வைத்தாய். வெண்கலம் வார்க்கும் ஆசாரி. இடது கைக்காரன், ஏனென்றால் பிறையின் ஒரு முனை எப்போதும் ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்து எண், அவன் செய்த பாத்திரங்களின் வரிசை. மதியம் சாப்பிடும்போது அவனைப் பற்றிப் பேசுவாய். "இந்தக் கரண்டி செஞ்ச அன்னிக்கு அவனுக்கு மனசு செரியில்ல கோமு. பிறை சரிஞ்சு கெடக்கு பாரு" என்பாய். நான் சிரிப்பேன். ஆனால் நீ தனியாக இருந்தவள். அவன் உனக்கு ஒரு துணை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த ஹோட்டல்காரர் வந்தார். கடற்கரைப் பக்கம் பெரிய ஹோட்டல். பிறைக்காரனின் கதையை உன் வாயால் கேட்டு மயங்கிப் போனார். அந்த முத்திரை உள்ள எதையும் அவருக்கே கொடுக்க வேண்டும் என்றார். ஹோட்டல் முன்கூடத்தில் எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்து, யாரும் அறியாத ஒரு கலைஞன் என்று எழுதிப் போடப்போவதாகச் சொன்னார். கடை தொடங்கியதிலிருந்து முதல் முறையாக நாம் வாடகையைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்கினோம்.

பிறகு அந்த அலுமினிய அண்டா வந்தது.

பனையப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட வேண்டிய சாமான், நம் கடைக்கு எதற்கு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ பழக்கத்தில் அதைக் கவிழ்த்தாய். விளிம்புக்குக் கீழே பிறை. பக்கத்தில் எண். ஒரு முனை ஆழம்.

நீ பிறையின் மேல் விரலை ஓட்டினாய். பிறகு கேட்டாய்: "இது எங்கேர்ந்து வாங்கினது சேச்சி?"

"வாங்கினதா? என் நாத்தனார் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தது. நம்ம ராவுத்தர் கடையில. அவரு எல்லாத்திலயும் பிறை வெட்டி நம்பர் போட்டிருப்பாரு. திருப்பிக் குடுக்க விட்டுப்போச்சு. அப்பறம் அந்தக் கடையும் இல்லாமப் போச்சு." அவள் அதை ஒளிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவள் போன பிறகு நீ ஸ்டூலில் உட்கார்ந்து அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாய். "நம்ம ஆசாரி அலுமினியத்துலயும் எறங்கிட்டானேன்னு பாத்தேன்" என்றாய். சிரிக்க முயன்றாய், முடியவில்லை. அத்தனை வருடம் நாம் ஒரு கலைஞனின் கையெழுத்து என்று தடவிப் பார்த்தது, கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் ஒரு கடையின் அடையாளம். நம்மிடம் வந்த ஒவ்வொரு பாத்திரமும் அந்தக் கடைக்குத் திரும்பாத பாத்திரம்.

மறுநாளே நீ ஹோட்டல்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். கண்காட்சி திறக்கும் நாள் நெருங்கியிருந்தது. "கொஞ்சம் ஆறப்போட்டுப் பேசலாமே" என்று நான் சொன்னதற்கு, "ஆறினா எனக்குச் சொல்ல வாய் வராது" என்றாய். அவர் கோபப்படவில்லையாம். வருகிறவர்கள் ஒரு கலைஞனைப் பார்க்கத்தான் வருவார்கள், வாடகைக் கடையைப் பார்க்க வரமாட்டார்கள் என்றாராம். பலகையை மாற்றப் போவதில்லை என்றும், உன் வாயை மட்டும் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொள்ளும்படியும் சொன்னாராம். நீ அடக்கவில்லை. யார் கேட்டாலும் சொன்னாய். அவர் நம் கடைக்கு வருவது நின்றது. அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். நாம் முன்பக்க அறையைக் காலி செய்துவிட்டு, பின்பக்கம் இஞ்சிக் கிடங்கை ஒட்டிய இந்த ஒற்றை அறைக்கு வந்தோம். சாமானெல்லாம் நாமே சுமந்தோம். அன்றைக்குப் பிடித்த இடுப்பு வலி எனக்கு இன்னும் விடவில்லை.

அதோடு விட்டிருப்பாய் என்று நினைத்தேன். ஆனால் ராவுத்தரின் மகள் சஃபியாவைத் தேடிப் பிடித்தாய். அந்த அம்மாள் எர்ணாகுளம் பிராட்வேயில் நூல், பொத்தான் கடை வைத்திருந்துவிட்டு, தன் மகளோடு தேவராவில் இருந்தார். நாம் இருவரும் போனோம். நீ அண்டாவையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாய்.

சஃபியா அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. விளிம்புக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார். பிறை மேல் வந்ததும் விரல் நின்றது.

"அத்தாவோட உளிதான். முனை ஒடஞ்சிருக்கும். வேற வாங்க மாட்டாங்க" என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ராவுத்தர் வீடு வீடாக நடப்பாராம். 'உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போன உருளி ஒண்ணு வரல' என்று கேட்பாராம். 'அன்னிக்கே கொடுத்தாச்சே' என்பார்களாம். எல்லா வீட்டிலும் அதே பதில். எண்களை மனசில் வைத்துக்கொண்டு விடாமல் கேட்டுக்கொண்டே போனாராம். கடைசியில் பிள்ளைகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேரா பொய் சொல்வார்கள், அத்தாவுக்குத்தான் ஞாபகம் பிசகுகிறது என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். கடையை விற்றார்கள். அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். தெருவில் யாராவது பார்த்தால் 'பாத்திரம் கெடச்சுதா ராவுத்தரே' என்று கேட்டுச் சிரிப்பார்களாம். வெளியே போவதையே விட்டுவிட்டார்.

"அண்ணன்மார் சொன்னத நானும் நம்பினேன். அத்தாகிட்ட சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி பேசுவேன். செரி அத்தா, கெடைக்கும் அத்தான்னு" என்றார் சஃபியா. அழவில்லை. முந்தானையால் அண்டாவின் விளிம்பைத் துடைத்தார்.

துடைத்துக்கொண்டே கேட்டார். "எந்த வீட்லேர்ந்து வந்தது?"

நான் உன்னைப் பார்த்தேன். நமக்கு எல்லா வீடும் தெரியும். அந்தத் தெருக்களில் அந்த வீட்டாரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கொண்டுவந்து விற்றவர்களில் பாதிப் பேருக்கு அது யாருடைய பாத்திரம் என்றே தெரியாது.

"வீடு சொல்ல மாட்டேன் சஃபியா" என்றாய். "பிறை போட்டது எப்ப வந்தாலும் உங்களுக்குப் போன் பண்ணி, இன்ன சாமான், இன்ன நம்பர் கெடச்சுதுன்னு சொல்றேன். வேணும்னா எடுத்துக்குங்க."

சஃபியா அண்டாவை உன் பக்கம் நகர்த்தினார். மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"சாமான் வேண்டாம். எங்க வைக்க?" என்றார். "நம்பர் சொல்லுங்க. அது போதும். அத்தாவுக்கு மறதி இல்லன்னு ஆச்சுல்ல."

அன்றிலிருந்து நீ போன் செய்துகொண்டே இருந்தாய். மட்டாஞ்சேரியில் பழைய வீடுகள் இடிபட இடிபட, பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. விற்கும்போதும் வாடகைக் கடைப் பாத்திரம் என்று சொல்லித்தான் விற்றாய். அதனால் விலையும் இறங்கியது. உடம்பு படுத்தி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஒரு பெரிய சல்லடைக் கரண்டி வந்தது. நான் வந்து சொன்னேன். மூக்கில் குழாயோடு கிடந்தாய். "நம்பர் என்ன?" என்று கேட்டாய். சொன்னேன். நீ போனை எடுக்கக் கையை நீட்டினாய். கை எட்டவில்லை. நான்தான் பேசினேன்.

இன்றைக்கும் நான்தான் பேசினேன். கை துடைத்துவிட்டுத் தேவராவுக்குப் போன் போட்டேன். சஃபியாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. எண்ணை மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆங், செரி, செரி" என்றார். பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். உன்னிடமும் அதைத்தான் கேட்பார் என்று நீ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சொல்லட்டுமா, எனக்கு ரொம்ப அலுத்துவிட்டது. காலையில் பலகைக் கதவைத் தூக்கி நிறுத்தும்போதே சாயங்காலம் ஆகாதா என்று இருக்கிறது. என் மகன் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்கிறான். "யாருக்காகம்மா அங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்கிறான். அவனிடம் விளக்கிச் சொல்லவும் தெம்பு இல்லை. அடுத்த மழை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறேன்.

போன மாதம் என் அண்ணன் பேத்திக்கு எர்ணாகுளத்தில் கல்யாணம். சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தின் பின்பக்கம் போய், சமையல்காரர்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் எவர்சில்வர். அடியில் பச்சைப் பெயிண்டில் வாடகைக் கடைப் பெயரின் முதல் எழுத்து. ஒரு போசிப் பாத்திரம் குறைந்தது. பாத்திரங்களைத் திருப்பி எடுக்க வந்த வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் எழுந்து, பெண் வீட்டார் அறைக்குள் போனேன். என் அண்ணன் மருமகள் மிச்சப் பாயசத்தை அதில் ஊற்றி, மூடி போட்டு, வீட்டுக்கு எடுத்துப்போகத் தயாராக வைத்திருந்தாள்.

"நாளைக்குக் குடுத்தனுப்பிடலாம் அத்தை" என்றாள்.

"இப்பவே குடு" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாயசத்தை வாளியில் மாற்றினாள். போசியை நானே குழாயடியில் கழுவி, தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தேன். வண்டிக்காரர், "எல்லாம் ஆயிடுச்சு சேச்சி" என்று பின்கதவைச் சாத்தினார். வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். காரில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். போய் ஏறிக்கொண்டேன்.